இரண்டு மணல் வாளியும் மூன்று பக்கம் இங்கிலீசும்

எங்கள் ஸ்டோருக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. ஒருவருக்கொருவர் கோபம் ஒன்றும் கிடையாது. பேசினால் கேட்காது, அவ்வளவுதான். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே வாடிய கொழுந்தைப் போட்டு உருட்டுகிற ரோலர்கள் நான்கும் ஒன்றாகச் சுற்றும்போது, பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும், அவருக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம் சூடான மூச்சும் கொஞ்சம் எச்சிலும்தான். அதனால் எங்களுக்குக் கைதான் வாய்.

இரண்டு கையையும் ஒன்றையொன்று சுற்றவிட்டால் பெல்ட். நெற்றியில் புறங்கையை வைத்தால், சுற்றுகிற தண்டைத் தாங்கும் பெயரிங் சுடுகிறது என்று பொருள். சுண்டுவிரலை மட்டும் நீட்டினால் ஒருவர் அவசரமாக வெளியே போகிறார். காதைத் திருகினால் டீமேக்கர் ஐயா, அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரி, வந்துகொண்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே முஷ்டி. முஷ்டியை மூடிக் காட்டினால் மெஷினை நிறுத்த வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்கிற நேரத்தில் ஒருவருடைய விரல் போயிருக்கும். முதலில் நிறுத்திவிட்டு, அடுத்த மெஷின்காரருக்கும் முஷ்டியைக் காட்டிவிட வேண்டும். எங்கள் ஸ்டோரில் இது சட்டம் மாதிரி. யாரும் எழுதி வைக்காததால் எல்லாரும் மதித்தார்கள்.

பதினான்கு வருடம் இப்படியே பேசிப் பேசி, வீட்டிலும் எனக்கு வாய் குறைந்துவிட்டது. சோறு போதும் என்றால் முஷ்டியைத்தான் மூடிக் காட்டுவேன்.

"நான் என்ன ரோலரா, கையக் காட்டுனதும் நிக்கிறதுக்கு?" என்பாள் மனைவி. சோறு விழுந்துகொண்டே இருக்கும்.

ஸ்டோரில் மோட்டர், ஸ்டார்டர், பியூஸ், வயர் எல்லாம் பார்ப்பது நான்தான். ஆனால் எலக்ட்ரிஷியன் என்று எனக்குப் பெயர் கிடையாது. தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் நான் மலை வேலைக்காரன். ஏதோ ஒரு மழைக்காலத்தில் "ரெண்டு நாளைக்கு ஸ்டோருல நில்லு" என்று அனுப்பினார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

ஒருநாள் டீமேக்கர் ஐயா தன்னுடைய கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, தேயிலை வாங்குற ஆளுங்க ஸ்டோரப் பார்க்க வரப் போறாங்க. கரண்டு வேலை பார்க்கிறவனுக்குச் சான்றிதழ் இருக்கான்னு கேப்பாங்க. ஒங்கிட்ட என்ன இருக்கு?"

"அனுபவம் இருக்குங்கையா."

"அத பிரேம் போட்டுச் சுவத்துல மாட்ட ஏலுமா?"

விஷயம் இதுதான். ஹட்டன் பக்கத்துப் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வருவார். மின்சாரம், காந்தம், இயக்கவியல் மூன்றிலும் அடிப்படைச் சொற்களைக் கேட்பார், விளக்கச் சொல்வார், வேலையையும் பார்ப்பார். பாஸானால் எலக்ட்ரிஷியன் என்று கடிதம் தந்து நிரந்தரமாக ஸ்டோரில் போடுவார்கள். பாஸாகாவிட்டால், கினிகத்தேனைப் பக்கம் சான்றிதழோடு ஒருவர் தயாராக இருக்கிறாராம். அவர் வருவார், நான் மலைக்குத் திரும்பிக் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க வேண்டும். கவ்வாத்து என்றால் முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவது. இளவயதில் ஒரு வருடம் அதைச் செய்திருக்கிறேன். நான் வெட்டியதில் செடி எது, என் சப்பாத்து எது என்று பிரிக்கக் கங்காணிக்குச் சிரமமாக இருந்தது.

"தமிழ்ல எடுக்கிறவர் வர மூணு மாசம் போகும். இங்கிலீசுல எடுக்கிறவர் மூணு வாரத்துல வருவாரு. எதுக்கு எழுத?" என்றார் டீமேக்கர் ஐயா, பேனாவைத் தூக்கிக்கொண்டு.

புத்தியுள்ளவன் தமிழ் என்பான். எனக்கும் அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. அந்த நேரம் பார்த்து, கொழுந்து ஈரமாக இருக்கிறது என்று முறையிட ரோலர் மாமா உள்ளே வந்து நின்றார். இரண்டாம் ரோலரில் வேலை செய்கிற அவர் என் மனைவிக்குத் தாய்மாமன். பெண் கேட்டுப் போனபோது, "மாப்புளைக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவர் அவர்தான். "இங்கிலீசு தெரியும்" என்று சொன்னவன் நான்தான். உண்மையில் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் இங்கிலீசுக்கு எனக்குக் கிடைத்தது டபிள்யூ, அதாவது பெயில். இங்கிலீசு எழுத்துகளில் எனக்கு இன்றைக்கும் நெருங்கிப் பழக்கமான எழுத்து அது ஒன்றுதான்.

"இங்கிலீசுக்கே எழுதுங்கையா," என்றேன். மாமா பெருமையாகத் தலையாட்டினார்.

டீமேக்கர் ஐயா மூன்று பக்கப் பட்டியல் ஒன்றைத் தந்தார். மின்சாரத்துக்கு ஒரு பக்கம், காந்தத்துக்கு அரைப் பக்கம், மிச்சமெல்லாம் மெக்கானிக்ஸ். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கவ்வாத்துக் கத்தியையும் சேர்த்துத் தூக்கி வருகிற மாதிரிதான் கனத்தது.

என் மனைவி கொழுந்தெடுக்கிறவள். ஓ.எல். இங்கிலீசில் அவளுக்கு சி, நல்ல பாஸ். இதை அவள் அடிக்கடி சொல்ல மாட்டாள். வாரத்துக்கு ஒரு தடவைதான் சொல்வாள். பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இதுல பாதி ஒங்களுக்குத் தெரிஞ்சதுதானே. ஸ்விட்ச், பியூஸ், மோட்டர், பெல்ட், ஸ்பிரிங், பம்ப். தெனமும் சொல்றீங்கள்ல?"

"அதத்தானே நானும் சொன்னேன்."

"சரி, கரண்டுன்னா என்ன? இங்கிலீசுல ஒரு வசனம்."

நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். வலது கை ஐந்து விரலையும் விரித்து, வெடவெடவென்று ஆட்டிக் காட்டினேன். எங்கள் ஸ்டோரில் கரண்டுக்கு அதுதான் சைகை.

அவள் என் கையைப் பார்த்தாள். "ஆட்டம் நல்லாருக்கு. பதில் எங்க?"

அப்போதுதான் என் வியாதி எனக்கே தெரிந்தது. கேள்வி காதில் விழுந்ததும் கை பதில் சொல்லிவிடுகிறது. கை சொல்லி முடித்ததும், வேலை முடிந்தது என்று வாய் நிம்மதியாகப் படுத்துவிடுகிறது. அடுத்து உராய்வு கேட்டாள், உள்ளங்கைகளைத் தேய்த்தேன். கப்பி கேட்டாள், கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். காந்தம் கேட்டபோது இரண்டு முஷ்டியையும் டப்பென்று ஒட்ட வைத்தேன். பரதநாட்டியப் பரீட்சை என்றால் அன்றைக்கே பாஸ்.

"கையக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க," என்றாள். கட்டினேன். அக்குளுக்குள்ளே விரல்கள் ஆடின. "கை மேல உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். தோள் ஆடியது. கடைசியில் எழுந்து போய், இரண்டு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணு. பீலிக்குப் போய் தண்ணி ரொப்பிக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டே ஏறி வாங்க. வாளி பிடிச்ச கை பேசாது."

எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, நாற்பது படி இறங்கினால், ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலி. பதினான்கு வருடமாக அந்தத் தண்ணீரைத் தூக்கியவள் அவள். இந்த வைத்தியத்தில் நோயாளியைவிட வைத்தியருக்குத்தான் குணம் அதிகம் என்று எனக்குப் பட்டது. ஆனால் கத்தி ஞாபகம் வந்தது, இறங்கினேன்.

மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கு லயத்தில் அது ஒரு காட்சியாகிவிட்டது. முதல் படியில் "ஃபோர்ஸ்". இரண்டாம் படியில் "லீவர்". மூன்றாம் படியில் "புல்லி". வாசலில் நின்று பட்டியலைப் பார்த்து அவள் சரி பிழை சொல்வாள். பிழை என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி இறங்க வேண்டும். பக்கத்து வீடான அடுத்த காம்பரா அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, தண்ணிக்கு மந்திரம் ஓதுறீங்களா?"

"படிக்கிறேங்க அக்கா."

"படி ஏறிப் படிக்கிறீங்க. நல்லதுதான். எங்க வீட்டு மனுசனுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க. எங்க பீப்பாயும் காலியாத்தான் கெடக்கு."

சொல் மட்டும் தெரிந்தால் போதாது, விளக்கமும் வேண்டும். அதற்கு மனைவி தன் சொந்த வழியில் பாடம் எடுத்தாள். "இனர்ஷியா என்றால் என்ன?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சடத்துவம் என்று படித்திருக்கிறோம். தமிழிலேயே எனக்கு அது விளங்கியதில்லை.

"சும்மா கெடக்கிறது, யாராச்சும் வந்து தள்ளுற வரைக்கும் சும்மாவே கெடக்கும். ஞாயித்துக்கெழம காலையில நீங்க."

"அப்ப ஃபோர்ஸ்?"

"அது நான்."

காந்தத்தின் ஒத்த முனைகள் ஏன் தள்ளிக்கொள்கின்றன என்று கேட்டதற்கு, "ரெண்டு யூனியன் தலைவருங்கள ஒரே மேடையில ஏத்திப் பாருங்க," என்றாள். இதையெல்லாம் இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்பது பிறகுதான் வரும். ஆனால் விளங்கிய பிறகு இங்கிலீசு கொஞ்சம் இறங்கி வந்தது. காந்தம் பற்றி என்னிடமும் ஒரு சொந்தக் கதை இருந்தது. தூள் சலிக்கிற இடத்தில் இரும்புத் துகளை இழுக்க ஒரு காந்தம் வைத்திருக்கிறோம். அதை நான்தான் துடைப்பேன். ஆணி, கம்பித் துண்டு, ஒருமுறை ஒரு தலை ஊசிகூட ஒட்டியிருந்தது. "மெக்னட் அட்ராக்ட்ஸ் அயன்" என்ற வசனத்தை மட்டும் நான் ஒரே தடவையில் மனப்பாடம் செய்தேன்.

இரண்டாம் வாரம் நல்ல மழை. இருபதாம் படியில் "கிராவிட்டி" என்று சொல்லிக்கொண்டே காலை வைத்தேன். பாசி. நானும் இரண்டு வாளியும் தனித்தனியாகப் பீலி வரைக்கும் போனோம். வாளிகள் முன்னால் போய்ச் சேர்ந்தன.

மேலே வாசலில் அக்கா கத்தினாள்: "அடியேய், ஓடியா! ஒம்புருசன் சொன்னதோட நிக்காம செஞ்சும் காட்டுறாரு!"

மனைவி ஓடி இறங்கி வந்து, அடிபட்டதா என்று கை காலைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பட்டியலை விரித்தாள். "இது சரி. அடுத்த வார்த்தை?"

சிரித்துவிட்டு, ஈரப் படியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "ஏங்க, கவ்வாத்துல ஒங்களால நிக்க ஏலாது. முழங்கால் ரெண்டும் இப்பவே சத்தம் போடுது. அதுக்குத்தான் இந்தப் பாடு." வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்றாம் வாரம் முடிவில், வாளி கையில் இருந்தால் மூன்று பக்கமும் தண்ணீர் மாதிரி வந்தது. வாளியைக் கீழே வைத்தால் பாதி போய்விடும். பரீட்சை எப்படியும் ஆபீசில் மேசைக்கு முன்னால் நடக்கும், கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

பரீட்சை அன்று காலை ஸ்டோரின் மூலையில் இருக்கிற ரோதமுனிக்குக் கற்பூரம் கொளுத்தினேன். மெஷின்களுக்குக் காவல் அவர்தான். டீமேக்கர் ஐயா அந்தப் பக்கமாகப் போனார்.

"ரோதமுனிக்கு இங்கிலீசு தெரியுமான்னு மொதல்ல கேட்டியா?"

அதிகாரி பஸ்ஸில் வந்து, மூடுபனிக்குள்ளே குடையோடு நடந்து வந்தார். சிறிய உருவம், கம்பளிச் சட்டை, மூக்குக்கண்ணாடி. சிங்களவர், எங்களோடு சிங்களத்திலும், பரீட்சைக்கு இங்கிலீசிலும் பேசினார். நல்ல மனிதர் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவர் என்றால் தோற்றதற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். டீமேக்கர் ஐயா ஆபீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிகாரி உட்காரவில்லை. "ஹரி, யமு," சரி போவோம் என்று சொல்லிவிட்டு, நேராக ரோலர்களைப் பார்த்து நடந்தார்.

நான்கு ரோலரும் கொழுந்து நிறைந்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. டீமேக்கர் ஐயா ஏதோ வேலையாய்ச் சலிக்கிற பக்கம் போய்விட்டார். அதிகாரி பேனாவால் மோட்டரைக் காட்டினார். உதடு அசைந்தது. இது என்ன என்று கேட்கிறார் போல. என் கை உடனே சுற்றிக் காட்டியது. அவர் புரியாமல் என் கையைப் பார்த்துவிட்டு, காதில் கையை வைத்துக்கொண்டார். கோப்பில் ஒன்றும் எழுதவில்லை.

மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. கையை அடக்கினேன். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையை இறுக மூடி, இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இனி எப்படி ஆடும் பார்ப்போம். வயிற்றிலிருந்து காற்றை எடுத்து, "மோட்டர், சேர்!" என்று கத்தினேன். அவர் அருகில் வந்தார். பேனா பெயரிங்கைக் காட்டியது. உதடு அசைந்ததில் "ஃப்ரிக்‌ஷன்" என்ற சொல் தெரிந்தது. முஷ்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன்.

எனக்குப் பின்னால் இரண்டாம் ரோலர். அதில் மாமா. அவர் கண்ணுக்கு நேராக, என் முதுகில், மூடிய முஷ்டி.

பதினான்கு வருடத்தில் அந்த முஷ்டியை மாமா ஒரு தடவையும் கேள்வி கேட்டதில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு, சட்டப்படி, மூன்றாம் ரோலருக்கு முஷ்டியைக் காட்டினார். மூன்று நான்குக்குக் காட்டியது. நான்கு ஒன்றுக்குக் காட்டியது. கண்ணை மூடியிருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. சத்தம் குறைகிற மாதிரி இருந்தபோது, என் குரல்தான் பலத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த உற்சாகத்தில்,

"ஃப்ரிக்‌ஷன் இஸ் எ ஃபோர்ஸ்!" என்று அலறினேன்.

ஸ்டோர் முழுக்க அமைதி. என் ஃபோர்ஸ் தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற பெண்கள் கைப்பிடி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

டீமேக்கர் ஐயா ஓடி வந்தார். "யாருடா நிப்பாட்டச் சொன்னது?"

"மாப்புளதாங்க முஷ்டியக் காட்டுனாரு," என்றார் மாமா.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பெயரிங் சுட்டுச்சுங்கையா."

டீமேக்கர் ஐயா பெயரிங் மேலே உள்ளங்கையை வைத்தார். "நுவரெலியாத் தண்ணியே தோத்துச்சு. அவ்வளவு குளிரா இருக்கு."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பு மூடியிருந்தது. மூடிய கோப்பைப் பார்த்ததும் கவ்வாத்துக் கத்தி ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் மீன் வாங்குகிற சிங்களம். அதை வைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன்: சேர், பெயரிங்கில் பிழை இல்லை, என் கையில்தான் பிழை, இங்கே எங்களுக்குக் கைதான் பேச்சு, கையை அடக்க முதுகில் மடக்கினேன், அது நிறுத்து என்று சொல்லிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. மாமாவிடம் திரும்பி, அந்தச் சைகைகளைக் காட்டச் சொன்னார். மாமா பள்ளிக்கூடக் கலைவிழா மேடையில் ஏறியவர் மாதிரி நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாய்க் காட்டினார். பெல்ட். பெயரிங். முஷ்டி. அப்படியே வேகத்தில் காதையும் திருகிவிட்டார்.

"அது என்ன?" என்றார் டீமேக்கர் ஐயா. அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் வருவதற்கு முன்னாலேயே அது முடிந்துவிடும்.

"காது அரிச்சுதுங்க," என்றார் மாமா.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். உருளுகிற கொழுந்து எவ்வளவு நேரம் இப்படி நிற்கலாம் என்று கேட்டார். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் சூடேறிக் கெட்டுவிடும் என்றார் டீமேக்கர் ஐயா, என்னைப் பார்க்காமல். "அப்படியானால் ஐந்து நிமிடம். இப்போது சத்தம் இல்லை," என்று சொல்லிக் கோப்பைத் திறந்தார் அதிகாரி.

நான் சுவரில் பார்த்தேன். தீ அணைக்கிற சிவப்பு மணல் வாளிகள் வரிசையாய்த் தொங்கின. போய் இரண்டைக் கழற்றி, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

"அது எதுக்குடா?" என்றார் டீமேக்கர் ஐயா.

"படிச்சது அப்படிங்கையா."

அதிகாரி கேட்கத் தொடங்கினார். வாட் இஸ் கரண்ட். வாட் இஸ் எ ஸ்விட்ச். கண்டக்டர், இன்சுலேட்டர், பியூஸ், எர்த். மணல் வாளி தண்ணீர் வாளியைவிடக் கனம். சொல்லும் அதற்கேற்ற வேகத்தில் வந்தது. வோல்ட்டையும் ஓமையும் இடம் மாற்றிச் சொன்னேன். மெக்னட்டில் பிழையே இல்லை. லீவர், புல்லி, கியர், ஸ்பிரிங். டோர்க் வந்தபோது வாய் நின்றுவிட்டது. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் மாமா ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி இரண்டு கையையும் முறுக்கிக் காட்டினார். "ட்விஸ்ட்டிங் ஃபோர்ஸ்!" என்றேன். அதிகாரி சட்டென்று திரும்பினார். மாமாவின் கை காதுக்குப் போய்விட்டது. அதிகாரி அந்தக் கேள்வியைக் கோடு போட்டு வெட்டினார்.

"டைம்!" என்றார் டீமேக்கர் ஐயா. "போதும், போடுங்க மெஷின! கொழுந்து போகுது!"

அவருடைய அவசரத்தில் மாமாவும் பதறி, மேல் மூடி கொழுந்தை அழுத்திக்கொண்டிருந்த நிலையிலேயே பச்சைப் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"மாமா, வேணாம்!" என்று கத்தினேன். இரண்டு வாளியும் கீழே விழுந்தன. டீமேக்கர் ஐயாவின் சப்பாத்தில் ஒன்று காலியானது.

"வை?" என்றார் அதிகாரி.

மூன்று பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. மனைவியும் கேட்டதில்லை. என்னிடம் இருந்த சொற்களை எடுத்து ஒட்டினேன். "சேர், லிட் டவுன். லோட் மோர். ஸ்டார்ட் டைம், கரண்ட் மோர் மோர். மோட்டர் ஹாட். ட்ரிப், ஆர் பேர்ன். ஃபர்ஸ்ட் லிட் அப். லோட் லெஸ். தென் ஸ்டார்ட். ஒன் ரோலர், வெயிட். நெக்ஸ்ட் ரோலர். ஆல் டுகெதர், நோ."

சொல்லி முடித்த பிறகுதான் கையைப் பார்த்தேன். வாளி இல்லை. இரண்டு கையும் தொடையோரம் சும்மா தொங்கின.

மூடியைத் தூக்கி, ஒவ்வொன்றாய் ரோலரை ஓட்டிவிட்டேன். சத்தம் திரும்பி வந்தது. அதிகாரி நின்றபடியே கோப்பில் நெடுநேரம் எழுதினார். பாஸ் என்றோ பெயில் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு இரண்டு வாரம். என் பெயரை அடுத்த மாதக் கவ்வாத்துப் பட்டியலில் கண்டாக்கு ஐயா முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார் என்று லயத்தில் பேச்சு வந்தது. மலையைப் பார்க்கிற உத்தியோகத்தர் அவர், எழுதினால் எழுதியதுதான். நான் பகடி பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். காய்ச்சலோ என்று மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை டீமேக்கர் ஐயா நீளமான கடிதம் ஒன்றைத் தந்தார். "ஒனக்குத்தான் வந்திருக்கு. நீதான் இங்கிலீசுக்காரனாச்சே, வாசி." வாசித்தேன். ஒரு பக்கத்தில் எனக்கு விளங்கியவை "எலக்ட்ரிசிட்டி", "மெக்னட்", "மெக்கானிக்ஸ்" மூன்றும்தான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினேன். மனைவி கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன போட்டிருக்கு?"

"பொறுங்க. இப்பத்தான் மெக்னட் முடியுது."

"அடியே, சொல்லித் தொலைடி!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"மெக்கானிக்ஸ் வந்திருச்சு..." இன்னும் கொஞ்சம் வாசித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தாள். "பாஸுங்க. கீழ பேனாவால ஒண்ணு எழுதியிருக்காரு. மெஷின் நின்னுட்டிருந்தா இவரு நல்லா பதில் சொல்லுவாராம்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கங்காணி மேலே இருந்து என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்.

டீமேக்கர் ஐயா கண்டாக்கு ஐயாவிடம் சொல்லியாயிற்று என்றார். ஆபீஸ் கடிதமும் வந்தது. இருந்தாலும் எனக்கு நம்பிக்கையில்லை. மாதம் பிறந்த முதல் நாள் விடியற்காலை, ஸ்டோருக்குப் போகாமல், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். தூறல். கண்டாக்கு ஐயா டார்ச் வெளிச்சத்தில் கவ்வாத்துப் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் கத்தியோடு ஒதுங்கினார். பட்டியல் முடிந்தது. டார்ச் என் முகத்தில் விழுந்தது.

"ஏய், நீ ஸ்டோர் ஆளாச்சே. ஒனக்கு இங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லைங்கையா. அதக் காதால கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

பெண்கள் வரிசையில் என் மனைவி சிரிப்பை அடக்கத் தலையில் போட்டிருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். கண்டாக்கு ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பட்டியலை மறுபடி முதலிலிருந்து, நிதானமாக, ஒவ்வொரு பெயராக வாசித்தார். இரண்டாவது தடவையும் நான் அதில் இல்லை.